ஒரு கட்டைவிரல் அகலம்

கத்பர்ட்டைப் பாலத்துச் சிறையில் போட்டுவிட்டார்கள் என்ற செய்தி வந்தபோது எம்மட் பச்சைத் துணியை வெள்ளைத் துணியோடு சேர்த்துத் தைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஏப்ரல் மாதம் யார்க் நகரத்துத் தையற்காரர்கள் எல்லாருக்கும் அதே வேலைதான். புது ராஜா ஹென்றி இன்னும் பத்து நாளில் ஊருக்குள் வருகிறார். பச்சையும் வெள்ளையும் அவருடைய நிறங்கள். எட்டு மாதத்துக்கு முன்வரை இதே ஊர் ரிச்சர்ட் ராஜாவின் வெள்ளைப் பன்றி முத்திரையைச் சட்டையில் தைத்துக்கொண்டு திரிந்தது. ஹென்றியோடு நடந்த சண்டையில் அவர் வெட்டுப்பட்டு விழுந்த செய்தி வந்த சில நாளில் அந்த முத்திரைகளெல்லாம் பிரிபட்டு அடுப்புக்குப் போயின. எம்மட்டும் பிரித்தாள். விதவை, தனியாகக் கடை நடத்துகிறவள். ஊரோடு ஒத்துப்போவதைத் தவிர அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

சேதி கொண்டுவந்தவள் எதிர்வீட்டு ரொட்டிக்காரி. கையில் ஒட்டிய மாவைக்கூடக் கழுவாமல் ஓடி வந்திருந்தாள்.

"உன் தம்பி ஒருத்தன் தாடையப் பேத்துட்டான் எம்மட். அடி வாங்கினவன் யாரு தெரியுமா? புது ராஜாவுக்கு முன்னாடி வந்து தங்குறதுக்கு எடம் பாக்குற கூட்டத்துல ஒருத்தன். ஜைல்ஸுன்னு பேராம். லண்டன்காரன்."

"எதுக்கு அடிச்சான்?"

"பழைய ராஜாவ அவன் கூனன்னு சொன்னானாம். கூனன், செத்த நாய் மாதிரி குழியில கெடக்கான்னு. உன் தம்பி பீர்க் குவளையோட எந்திரிச்சிருக்கான். ஒரு கைதான் இருக்குன்னு பேரு, அந்த ஒண்ணே போதும் போல இருக்கு அவனுக்கு."

எம்மட் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

கத்பர்ட் அவளைவிட ஒன்பது வயது இளையவன். ரிச்சர்டுக்காகச் சண்டைக்குப் போய் இடது கையை மணிக்கட்டோடு அங்கேயே விட்டுவிட்டு, மூன்று வாரம் கழித்துக் காய்ச்சலோடு வந்து சேர்ந்தவன். அன்றிலிருந்து அவள் வீட்டு மாடியில்தான் இருந்தான். பச்சை வெள்ளைத் துணி வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து கீழே சாப்பிட வருவதை நிறுத்திவிட்டான்.

ஊஸ் ஆற்றுப் பாலத்தின் மேலேயே நகர சபை மண்டபம். அதன் அடியில் சிறை. ஆற்றில் தண்ணீர் ஏறினால் சிறையின் தரை நனையும். எம்மட் ரொட்டியும் வெண்ணெயும் எடுத்துக்கொண்டு போனாள். கம்பிக்கு அந்தப் பக்கம் கத்பர்ட் வைக்கோல்மேல் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். முகத்தில் வருத்தமே இல்லை.

"ஏன்டா இப்படிப் பண்ணின?"

"அவன் ஏன்க்கா அப்படிச் சொன்னான்?"

"சொல்லிட்டுப் போறான். அவன் வாய், அவன் பீர். உனக்கென்ன?"

கத்பர்ட் அவளைப் பார்த்தான். "எனக்கென்னவா? நம்ம அப்பாவோட நெலத்தக் காரியஸ்தன் ஒருத்தன் புடுங்கினான்ல, அப்ப யாருகிட்டப் போனோம்? ரிச்சர்டுகிட்டத்தான். அந்தக் காரியஸ்தன் அவரோட ஆளுதான். இருந்தும் நெலத்த நம்மகிட்டத் திருப்பிக் குடுக்கச் சொன்னாரு. ராஜா ஆகுறதுக்கு முன்னாடி, வெறும் பிரபுவா இங்க இருந்தப்ப. அத மறந்துட்டியா?"

"மறக்கல."

"அப்ப வந்து சொல்லு. விசாரணை வருது. நீயும் வில்ஃப்ரிட் மாமாவும் மிடில்ஹாம் கோட்டையில பன்னெண்டு வருஷம் அவருக்குத் துணி தச்சீங்க. இந்த ஊர்ல அவரு உடம்பு அளவு தெரிஞ்ச ஒரே ஆள் நீதான். அவரு ஈட்டி மாதிரி நேரா இருந்தாருன்னு பைபிள்மேல கைய வச்சுச் சொல்லு. அவன் பொய்யன்னு ஆயிடும். பொய்யன அடிச்சதுக்கு யாரும் தூக்குல போட மாட்டாங்க."

எம்மட் ரொட்டியைக் கம்பி வழியாக நீட்டினாள்.

"என்னக்கா, பேசவே மாட்டேங்கிற?"

"சாப்பிடு" என்றாள். "ஈரத்துல படுக்காத."

வீட்டுக்குத் திரும்பி நடந்தாள். தம்பி கேட்டது ஒன்றே ஒன்றுதான். அதை மட்டும் அவளால் சொல்ல முடியாது.

அளவெடுக்க உள்ளே போனவன் அவள் புருஷன் வில்ஃப்ரிட் மட்டும்தான். முதல் தடவை போய்விட்டு வெளியே வந்தவன் முகம் வெளுத்திருந்தது. கோட்டைக் காரியஸ்தர் இருவரையும் தேவாலயத்துக்குக் கூட்டிப்போய்ச் சத்தியம் வாங்கிக்கொண்டார்: பிரபுவின் அளவு உங்கள் இரண்டு பேரைத் தாண்டிப் போகக்கூடாது. அதற்குப் பிறகு வில்ஃப்ரிட் அவளிடம் ஒரு நீளமான தோல் பட்டையைக் கொடுத்தான். அதில் வெட்டுக் குறிகளாக அளவுகள். வலது தோள் இடது தோளைவிட ஒரு கட்டைவிரல் அகலம் உயரம். முதுகெலும்பு நடுவில் ஒரு பக்கமாக வளைந்து மறுபடி நேராகிறது. அந்த வித்தியாசம் வெளியே தெரியாமல் இடது தோளுக்குள் கம்பளித் திணிப்பு வைத்து, அடுக்கடுக்காகத் தைத்து, ஓரங்களைக் காகிதம்போல் மெலிதாக்கி முடிக்க வேண்டும். அது எம்மட்டின் வேலை. பன்னிரண்டு வருடம் அவர் ஊர்வலத்தில் குதிரைமேல் போனதை ஜனங்கள் பார்த்தார்கள். யாருக்கும் தெரியவில்லை. அவள் அவரை அருகில் பார்த்ததே இல்லை. கூட்டத்தில் நின்று அந்த இடது தோளை மட்டும் பார்ப்பாள், தையல் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்று.

வில்ஃப்ரிட் இரண்டு வருடம் முன்னால் காய்ச்சலில் போய்விட்டான். ரிச்சர்ட் ராஜா போன பிறகு அவர் உடம்பைத் துணியில்லாமல் குதிரை முதுகில் குறுக்காகப் போட்டு லெஸ்டர் நகரத்துக்குக் கொண்டுபோனார்கள் என்று கேள்விப்பட்ட அன்று எம்மட் வேலை செய்யவில்லை. நாட்டில் எத்தனையோ பேர் அவருக்காக அழுதார்கள். அவள் அழுதது வேறு காரணத்துக்கு. பன்னிரண்டு வருடம் யார் கண்ணிலும் படாமல் அவள் மூடி வைத்ததை வழியில் நின்றவன் போனவன் எல்லாரும் பார்த்துவிட்டார்கள்.

மறுநாள் காலை ஆம்ப்ரோஸ் என்ற எழுத்தர் கடைக்கு வந்தார். கறுப்பு அங்கி, சுத்தமான நகங்கள், தெற்கத்திப் பேச்சு. புது ராஜாவின் பெரிய மனிதர் ஒருவருக்காகப் பழைய ராஜாவின் கதையை எழுத ஊர் ஊராகச் சாட்சி சேகரிக்கிறவர். உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்தார்.

"உன் தம்பி விஷயம் கேள்விப்பட்டேன்மா. பாவம், கை போனவன். குடிச்சுட்டு ஏதோ சண்டைன்னு நான் சொன்னா, சபைப் பெரியவர் மாரிக் அதோட முடிச்சுடுவாரு. செத்த கொடுங்கோலனுக்காக ராஜாவோட ஆளு மேல கை வச்சான்னு சொன்னா அது ராஜத் துரோகம். அதுக்கு என்ன தண்டனைன்னு உனக்கே தெரியும்."

"நீங்க எதச் சொல்லப் போறீங்க ஐயா?"

"அது உன் கையிலதான் இருக்கு." அவர் அங்கிக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்தார். "உன் சாட்சியத்த நானே எழுதிட்டு வந்துட்டேன், உனக்குச் சிரமம் வேண்டாம்னு. கேளு."

நிறுத்தி நிறுத்திப் படித்தார். ரிச்சர்ட் முழுப் பல்லோடு பிறந்தார். முதுகில் மூட்டைபோலக் கூன். இடது கை காய்ந்த குச்சிபோல் சூம்பியிருந்தது. இதையெல்லாம் மறைக்கத் துணி தைத்தவர்கள் பயத்தால் வாய் திறக்கவில்லை.

"கை சூம்பியிருந்துச்சுன்னு யாரு சொன்னா?"

"நீதான்" என்றார் ஆம்ப்ரோஸ். "கீழ ஒரு குறி போட்டுட்டா நீ சொன்னதா ஆயிடும்."

"ரெண்டு கையும் ஒரே அளவு ஐயா. ஒரே மாதிரிதான் வெட்டுவேன்."

"அப்ப முதுகு?"

எம்மட் வாயை மூடிக்கொண்டாள். ஆம்ப்ரோஸ் மெதுவாகச் சிரித்தார். அந்த மௌனத்தையே அவர் எழுதிக்கொண்டுவிட்டார் என்று அவளுக்குப் பட்டது.

"பல்லோட பொறந்தாரான்னு எனக்கு எப்படித் தெரியும்? அவரு பொறந்தப்ப நானே பொறக்கல" என்றாள் கடைசியில்.

"அதெல்லாம் ஒரு பேச்சுக்கு எழுதுறது. ஆனா தையற்காரி சொன்னதுன்னா ஜனங்க நம்புவாங்க. வடக்கத்திக்காரங்க நீங்க, அவரப் புனிதர் மாதிரி பேசுறீங்க. ரெண்டு சின்னப் பையங்க, அவரோட அண்ணன் புள்ளைங்க, லண்டன் கோட்டைக்குள்ள போனவங்க வெளிய வரல. அதப் பத்தி உங்க ஊர்ல ஒருத்தரும் பேச மாட்டேங்கிறீங்க."

அந்தப் பிள்ளைகளை நினைத்து அவளும் தூக்கம் கெட்டிருக்கிறாள். கத்பர்ட்டிடம் ஒருநாள் கேட்டபோது அவன் எழுந்து போய்விட்டான்.

"நாளைக்கு விசாரணை" என்று ஆம்ப்ரோஸ் எழுந்தார். "யோசிச்சு வை. இந்தப் பச்சை ரொம்ப நல்லா இருக்கும்மா. ராஜாவுக்குப் பிடிக்கும்."

அவர் போன பிறகு எம்மட் பெட்டியைத் திறந்தாள். வில்ஃப்ரிட்டின் அளவுப் பட்டைகள் எல்லாம் அதில் இருந்தன. ஒவ்வொன்றின் நுனியிலும் ஆளுக்கொரு குறி, பேர் கிடையாது. ரிச்சர்டின் பட்டை நுனியில் இரண்டு சின்ன வெட்டு. அதை எடுத்துக்கொண்டு அடுப்பு முன்னால் போய் உட்கார்ந்தாள். எரித்துவிட்டால் அவளிடம் எதுவும் இல்லை. நேராக இருந்தார் என்று சொல்லலாம், மூட்டைக் கூன் என்றும் சொல்லலாம்; யாரும் மறுக்க முடியாது. முதல் பொய் தம்பிக்குப் பிடிக்கும். இரண்டாவது பொய் அவனைப் பிழைக்க வைக்கும். நெருப்பு தணிந்து சாம்பல் பூக்கும்வரை பட்டையைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

சபை மண்டபத்தில் நீள மேசைக்குப் பின்னால் ஆறு பெரியவர்கள் சிவப்பு அங்கியில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மாரிக், தோல் வியாபாரி, குண்டான ஆள். ராஜா வருவதற்குள் ஊரில் எந்தச் சத்தமும் இருக்கக்கூடாது என்ற ஒரே கவலை அவர் முகத்தில் எழுதியிருந்தது. ஒரு பக்கம் தாடையைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு ஜைல்ஸ். பேச முடியாததால் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தான். மறுபக்கம் இரண்டு காவலர்கள் நடுவில் கத்பர்ட். அவன் அக்காவைப் பார்த்துத் தைரியமாகத் தலையசைத்தான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஆம்ப்ரோஸ் மேசையின் ஓரத்தில் மைக்குப்பியோடு இருந்தார். அவளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். எம்மட் இல்லை என்று தலையசைத்தாள். அவர் தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்தார்.

"பெரியவரே, இத சாதாரண அடிதடின்னு நெனச்சேன். இப்ப அப்படித் தோணல. அடி வாங்கினவன் சொன்னது உண்மைன்னா, இவன் அடிச்சது உண்மைக்காக இல்ல. செத்தவன் மேல இன்னமும் வச்சிருக்கிற விசுவாசத்துக்காக. அந்த விசுவாசத்துக்கு என்ன பேருன்னு இந்தச் சபைக்குத் தெரியும்."

மாரிக்கின் முகத்தில் வியர்வை. "எம்மட், பைபிள்ல கைய வை."

வைத்தாள். தோல் அட்டை சில்லென்று இருந்தது. மிடில்ஹாமில் வைத்த கையும் இதேதான். அன்று யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றாள். இன்று எல்லாரிடமும் சொல்வேன் என்கிறாள். லெஸ்டர் தெருவில் அந்தக் குதிரை போனதோடு முதல் சத்தியம் காக்கவேண்டிய பொருள் போய்விட்டது என்று நேற்றிரவு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இப்போது அது அவ்வளவு உறுதியாகப் படவில்லை. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

"ரிச்சர்டுக்கு நீ துணி தச்சியா?"

"தச்சேன்."

"அவரு உடம்பு எப்படி?"

"வலது தோள் இடது தோளவிட ஒசரம். ஒரு கட்டைவிரல் அகலம். முதுகெலும்பு நடுவுல ஒரு பக்கமா வளைஞ்சிருக்கும்."

ஆம்ப்ரோஸ் எழுதுகோலை மையில் தோய்த்தார். பிறகு கத்பர்ட் பேசினான். சத்தமாகக்கூட இல்லை.

"பொய் சொல்லாதக்கா."

"பொய் இல்லடா."

"உன்ன மெரட்டியிருக்காங்க."

"மெரட்டினாங்க. ஆனா இது பொய் இல்ல."

அவன் முகம் மாறியதை அவள் பார்த்தாள். கையை வெட்டிய அன்றுகூட அது அப்படி ஆகியிருக்காது. ஆம்ப்ரோஸின் எழுதுகோல் தாளில் கிறுகிறுவென்று ஓடியது. ஜைல்ஸ் கட்டுக்குள்ளேயே சிரிக்கப் பார்த்து, வலியில் தாடையைப் பிடித்துக்கொண்டான்.

"நான் இன்னும் முடிக்கல ஐயா" என்றாள் எம்மட். அவள் இடுப்புப் பையிலிருந்து தோல் பட்டையை எடுத்து மேசைமேல் நீட்டி வைத்தாள். "இது என் புருஷன் எடுத்த அளவு. இங்க பாருங்க, இது வலது கை, இது இடது கை. ரெண்டும் ஒண்ணு. சூம்பல் கிடையாது. முதுகுல மூட்டையும் கிடையாது. கூன்னா முன்பக்கமும் பின்பக்கமும் அளவு மாறும். இதுல மாறல. பக்கவாட்டுல ஒரு வளைவு, அவ்வளவுதான். திணிப்பு வச்சா தெரியாது. பன்னெண்டு வருஷம் தெரியல."

ஆம்ப்ரோஸ் நிமிர்ந்தார். "கோணல்னு ஒத்துக்கிட்டா. அது போதும் எனக்கு. உடம்பு கோணலா இருக்கிறவன் மனசும் கோணல்னு கடவுளே எழுதி அனுப்பியிருக்கான். வேற என்ன அத்தாட்சி வேணும்?"

எம்மட் மாரிக்கைப் பார்த்தாள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் முதல் அடி வைத்தாகிவிட்டது.

"ஐயா, உடம்பப் பாத்து மனசச் சொல்லலாம்னா, எனக்கு ஒரு கஷ்டம் இருக்கு. இந்த மேசையில உக்காந்திருக்கிற ஆறு பேர்ல நாலு பேருக்கு நான்தான் தைக்கிறேன். உங்க அளவெல்லாம் வீட்டுப் பெட்டியில இருக்கு. யாருக்கு எங்க திணிப்பு வச்சிருக்கேன், யாருக்கு எந்தக் கால் குட்டை, யாருக்கு இடுப்பு எந்தப் பக்கம் எறங்கியிருக்குன்னு எனக்குத் தெரியும். இதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. சபை இன்னிக்கு ஒரு ஆளோட அளவக் கேட்டுச்சு, சொன்னேன். அது அவரு மனசுக்கு அத்தாட்சின்னு எழுதிக்கிட்டா, அப்புறம் மத்தவங்களோடதயும் கேப்பாங்க. பைபிள்ல கை வச்சுட்டா நான் சொல்லித்தானே ஆகணும்."

ஓரத்தில் இருந்த பெரியவர் ஒருவர் அங்கியைச் சரிசெய்துகொண்டார். இன்னொருவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். மாரிக்கின் இடது இடுப்பு வலது இடுப்பைவிட இரண்டு விரல் தாழ்ந்தது. அவர் நின்றால் அங்கியின் ஓரம் தரையில் நேராக விழுவது எம்மட்டின் கைவேலை. அவர் நாற்காலியில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அதுக்கெல்லாம் இப்ப அவசியம் இல்ல" என்றார்.

"பெரியவரே, இவ சபைய மெரட்டுறா" என்றார் ஆம்ப்ரோஸ்.

"தையற்காரி தன் தொழிலச் சொல்றா. இதுல என்ன மெரட்டல்?" மாரிக்கின் குரலில் திடீரென்று எரிச்சல். தெற்கத்திக்காரர்மேல் பல நாளாகச் சேர்ந்திருந்த எரிச்சல் அது. "எழுத்தர் ஐயா, உங்களுக்குக் கதை வேணும். எனக்கு ஊர் அமைதியா இருக்கணும். ராஜா வர்றப்ப பாலத்து வாசல்ல ஒத்தக் கையன் ஒருத்தன் தூக்குல தொங்கினா இந்த ஊரு எப்படி நடந்துக்கும்னு உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். போன வாரம்கூட மலைப்பக்கம் பழைய ராஜாவோட ஆளுங்க கூட்டம் சேர்க்கிறாங்கன்னு சேதி வந்துச்சு."

ஆம்ப்ரோஸ் எழுதுகோலை மைக்குப்பியில் போட்டார்.

"அந்த ரெண்டு பையங்களப் பத்தியாவது இவளக் கேளுங்க" என்றார் விடாமல்.

மாரிக் அவளைப் பார்த்தார். எம்மட்டுக்கு ஒரு கணம் கத்பர்ட் பக்கம் திரும்பத் தோன்றியது. திரும்பவில்லை.

"எனக்குத் தெரியாது ஐயா. நான் தோளுக்குத் தைக்கிறவ. அவரு கொன்னிருக்க மாட்டாருன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. கொன்னாருன்னும் முடியாது. எனக்குத் தெரிஞ்சது இந்தப் பட்டையில இருக்கிறது மட்டும்தான்."

மாரிக் மற்றவர்களோடு குனிந்து பேசினார். அதிக நேரம் ஆகவில்லை. மதுக்கடை அடிதடி என்று தீர்ப்பானது. ராஜா வந்து போகும்வரை கத்பர்ட் அக்கா வீட்டை விட்டு வெளியே கால் வைக்கக்கூடாது. ஜைல்ஸின் தாடை கூடும்வரை அவனுக்கு எம்மட் தன் வீட்டுக் கஞ்சி காய்ச்சி அனுப்ப வேண்டும். ஜைல்ஸ் அதற்கும் தலையாட்டினான்.

ஆம்ப்ரோஸ் தன் தாளை மணல் தூவிக் காயவைத்துக்கொண்டிருந்தபோது எம்மட் பக்கத்தில் போனாள்.

"என்ன எழுதியிருக்கீங்க, படிங்க ஐயா."

"ரிச்சர்டின் உடம்பு கோணல் என்று அவருக்குத் துணி தைத்தவளே யார்க் சபையில் சத்தியம் செய்தாள்."

"மத்தது?"

"மத்தது எதுக்கு? நீளமா எழுதினா யாரும் படிக்க மாட்டாங்க."

"அதுல நான் குறி போட மாட்டேன்."

"வேணாம்" என்றார் அவர். "ஆறு பேர் கேட்டாச்சு." மேசைமேல் கிடந்த தோல் பட்டையை எடுத்தார். அவள் கை நீட்டுவதற்குள் அதைச் சுருட்டித் தன் பையில் போட்டுக்கொண்டார். மாரிக் அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தம்பியின் உயிர் போதும் என்று அவளும் விட்டுவிட்டாள். படி இறங்கும்போதுதான் உறைத்தது. நேராக இருந்தார் என்று பொய் சொல்லியிருந்தால் அந்த ஆளுக்கு எழுத ஒரு வரிகூடக் கிடைத்திருக்காது.

கத்பர்ட் வீட்டுக்கு வந்தான். ஆனால் அவளோடு பேசவில்லை. கஞ்சியை மாடி அறை வாசலில் வைத்தால் எடுத்துக்கொள்வான். அவள் மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டால் சுவர் பக்கம் திரும்பிப் படுப்பான். ஒருநாள் ரொட்டிக்காரி அவனிடம், "உசிரக் காப்பாத்தினவகிட்ட மொகம் குடுக்க மாட்டியா?" என்று கேட்டதற்கு, "என் உசிர யாரு கேட்டா?" என்றான். அது கீழே எம்மட்டுக்குக் கேட்டது. கேட்க வேண்டும் என்றுதான் சொன்னான்.

ராஜா ஊருக்குள் வந்த அன்று மணிகள் மதியத்திலிருந்து அடித்துக்கொண்டே இருந்தன. தெருவில் குதிரைக் குளம்புச் சத்தமும் பாட்டுமாக இருந்தது. எம்மட் தைத்த பச்சை வெள்ளை அங்கிகள் எல்லாம் ஜன்னலுக்குக் கீழே நகர்ந்து போயின. அவள் பார்க்கவில்லை, கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்தாள். கத்பர்ட் இறங்கி வந்து கொஞ்ச நேரம் நின்றான். பிறகு எதிரில் இருந்த மரக்கட்டையில் உட்கார்ந்தான். ஒரு கையால் பட்டாணி உரிக்க முயன்றான், முடியவில்லை, தொடையில் அழுத்திப் பிடித்து உரித்தான்.

"அவருக்கு வலிச்சுதா?" என்றான்.

எம்மட் கையை நிறுத்தினாள்.

"என்கிட்ட அவரு வந்ததில்லடா. அவரு துணிதான் வரும், பிரிச்சுத் தைக்கிறதுக்கு. நெறய தூரம் குதிரையில போயிட்டு வந்த துணின்னா எனக்குத் தெரியும். முதுகுப் பக்கம் உள்துணி பூரா தைல வாசனை அடிக்கும். வாத்துக் கொழுப்புல மூலிகை போட்டுக் காய்ச்சின தைலம். வில்ஃப்ரிட் மோந்து பாத்துட்டு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. ஒரு தடவ கழுத்துப் பட்டை ஓரத்துல பல்லுத் தடம் இருந்துச்சு. கடிச்சிருக்காரு. கவசம் கழட்டுறப்பவா இருக்கும்."

"யாருகிட்டயும் சொல்லலையா அவரு?"

"சொல்லியிருந்தா எங்ககிட்ட ஏன் சத்தியம் வாங்கப் போறாங்க?"

மணிச்சத்தம் ஓய்ந்து மறுபடி தொடங்கியது. கத்பர்ட் தரையைப் பார்த்தபடியே பேசினான். "அன்னிக்குக் கடைசியா அவரு குதிரைய விட்டுக்கிட்டுப் போனப்ப நான் சேத்துல கெடந்தேன். கைய இடுக்கிக்கிட்டு. என்னைத் தாண்டித்தான் போனாரு. உடம்பு ஒரு பக்கமா சாஞ்சிருந்துச்சு. அம்பு பட்டிருக்கும்னு நெனச்சேன். இத்தன நாளா அப்படித்தான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருந்தேன், அம்பு பட்டும் நிக்காமப் போனாருன்னு." உரித்த தோலைக் கீழே போட்டான். "அம்பு இல்ல போல."

"இருக்காது."

"அந்த முதுகோட அவ்வளவு கவசத்தத் தூக்கிக்கிட்டு."

கீழேயே உட்கார்ந்து அன்று அவளோடு சாப்பிட்டான். இரண்டாம் தடவை கஞ்சி கேட்டு வாங்கினான்.

ராஜா வந்து போய் மூன்று வாரம் கழித்து ஒரு சந்தை நாளில் கத்பர்ட் உதடு கிழிந்து, ஒரு கண் வீங்கி வந்து நின்றான். எம்மட் வேலையைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

"மறுபடியும் யாரைடா? லண்டன்காரனா?"

"லண்டன்காரன் எவன் இருக்கான் இப்ப? நம்ம ஆளுங்கதான். பழைய ராஜாவுக்காக என்கூடச் சண்டைக்குப் போனவனுங்க." அவன் வாசற்படியில் உட்கார்ந்து கண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "ராஜா ஈட்டி மாதிரி நேரா இருந்தாருன்னு ஒருத்தன் அளந்துக்கிட்டிருந்தான். இல்லடா, வலது தோள் ஒசரம், ஒரு கட்டைவிரல் அகலம்னு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்."

எம்மட் உள்ளே போய் ஈரத் துணி நனைத்துக் கொண்டுவந்தாள். அவன் முகத்தைத் தூக்கிப் பிடித்து ரத்தத்தைத் துடைத்தாள்.

"அசையாத" என்றாள். "எத்தன பேரு?"

"மூணு பேரு."